காணாத கைகளுக்கு ஒரு விருந்து

ஆண்டின் கடைசி மாதம் பிறந்தால் அந்த உடை நிறுவனத்தில் எல்லோருக்கும் இருமல் வந்துவிடும். மேலே நாலாம் மாடியில் இருப்பவர்களுக்கு, விருந்து விருந்தாகப் போய்க் குளிர்ந்த மதுவைக் குடித்ததால் வரும் இருமல். கீழே நிலவறையில் இருப்பவர்களுக்கு, அந்த விருந்துகளுக்கான வெல்வெட்டை வெட்டித் தூசி விழுங்கியதால் வரும் இருமல். மேலே இருமினால் பக்கத்தில் இருப்பவர்கள் முதுகைத் தடவிக் கொடுப்பார்கள். கீழே இருமினால் துணியில் எச்சில் படுகிறது என்பார்கள்.

கீழே இருமியவர்களில் ஒருத்தியைக் கத்தரி என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறவள். ஒரு விருந்துக்கும் அவள் போனதில்லை. ஆனால் எல்லா விருந்தையும் பற்றி அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை உடுப்புகள் கூடையில் கீழே இறங்கும். கறையை முகர்ந்தே என்ன பரிமாறினார்கள் என்று சொல்லிவிடுவாள். சுருக்கத்தைப் பார்த்து யார் யார் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள் என்றும் சொல்லிவிடுவாள். அதை அவள் அண்ணியிடம் மட்டும்தான் சொல்வாள்.

அண்ணி என்றால் செத்துப்போன அண்ணனின் மனைவி. கத்தரியை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவளே அவள்தான். மணி கோத்துத் தைப்பதில் அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ஈடு கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே கடைசி மாதத்தில், மூன்று நாள் வேலையை ஒரு நாளில் முடிக்கச் சொன்னபோது நீராவி இஸ்திரிப் பெட்டி அவளுடைய இடது உள்ளங்கையில் உட்கார்ந்துவிட்டது. தோல் இழுத்துக்கொண்டு சுண்டு விரல் பாதி மடங்கியே நின்றது. அந்தக் கையோடுதான் அவள் இந்த வருடம் நாலு மாதம் குனிந்து, கலை இயக்குநரின் கோட்டுக்கு மணி தைத்தாள். ஆறு மீட்டர் நீளத்துக்குத் தரையில் புரளும் தோகை வைத்த கறுப்புக் கோட்டு அது. ஆண்டிறுதி விருந்தில் அவர் விருது வாங்கப் போட்டுக்கொள்வதற்கு.

கலை இயக்குநருக்கு நிலவறையில் வைத்த பெயர் பெருமூச்சு. அவர் வரைய மாட்டார். வெட்டவும் தைக்கவும் மாட்டார். துணிக்கு முன்னால் வந்து நின்று ஒரு பெருமூச்சு விடுவார். இரண்டு உதவியாளர்கள் அந்தப் பெருமூச்சைக் குறித்துக்கொள்வார்கள். ஒருவர் ‘நீளமானது’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘சற்றே சோகமானது’ என்று எழுதுவார். இந்த இரண்டு தாள்களும் கீழே வந்தால் கத்தரியும் அண்ணியும் ஒரு உடுப்பைத் தைத்து மேலே அனுப்புவார்கள். பத்திரிகைகள் அவரை மேதை என்று எழுதும்.

இந்த வருட விருந்தை நவீனக் கலை மன்றமும் நிறுவனமும் சேர்ந்து நடத்துவதாக அறிவிப்பு வந்தது. நாலாம் மாடிக் கண்ணாடிக் கூரை மண்டபத்தில் பகல் விருந்து. தலைப்பு, ‘காணாத கைகளுக்கு வணக்கம்’. நிலவறைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் முதல் முறையாக விருந்துக்கு அழைக்கப்படுகிறார்கள் என்று போட்டிருந்தது. கத்தரி அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள். நல்ல செருப்பு ஒன்று எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை படித்தபோதுதான் கீழே சின்ன எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. அழைக்கப்படுவது மணிக்கட்டு வரைக்கும்தான்.

மண்டபத்தின் குறுக்கே வெள்ளைத் துணியில் ஒரு சுவர் கட்டுவார்களாம். அதில் இருபத்து நாலு ஓட்டைகள். தொழிலாளர்கள் பின்னால் உட்கார்ந்து கைகளை மட்டும் வெளியே நீட்ட வேண்டும். விருந்தினர்கள் அந்தக் கைகளைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொல்வார்கள். முகம் தெரிந்தால் கவனம் சிதறும் என்று விளக்கமும் இருந்தது. செருப்பு வாங்கும் யோசனையைக் கத்தரி விட்டுவிட்டாள்.

கைத்தேர்வு நடந்தது. மன்றத்திலிருந்து வந்த மூன்று பேர் பூதக்கண்ணாடியோடு மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்தார்கள். கைகளில் உழைப்பு தெரிய வேண்டும், ஆனால் உறுத்தக் கூடாது. காய்ப்பு இருக்கலாம், வெடிப்பு கூடாது. கத்தரியின் கட்டைவிரல் காய்ப்பைப் பார்த்து ஒருவர் கண் கலங்கினார். ‘உண்மை’ என்று எழுதித் தேர்வு செய்தார். அண்ணியின் வலது கையைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் கரும்புள்ளியாக இருந்த அந்தக் கையைப் பதினாறு படம் எடுத்தார்கள். பிறகு இடது கையைத் திருப்பச் சொன்னார்கள். மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நடுவில் இருந்தவர் மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கை ஒரு கேள்வி கேக்குது. விருந்துல யாரும் கேள்விக்குப் பதில் சொல்ற மனநிலையில இருக்க மாட்டாங்க.”

அதோடு விட்டிருந்தால் அண்ணி சிரித்துவிட்டு ஊசியைக் கையில் எடுத்திருப்பாள். ஆனால் பன்னிரண்டு ஜோடி என்று அச்சடித்தாகிவிட்டது. ஒரு ஜோடி குறைந்தது. அதற்காக விளம்பரங்களில் கையை மட்டும் காட்டிப் பிழைக்கிற ஒரு கை மாடலை வரவழைத்தார்கள். அண்ணியின் கைப் படங்களைப் பார்த்து, பழுப்பு பென்சிலால் அந்த மாடலின் விரல்களில் ஊசிக்குத்துகளை வரைந்தார்கள். ஆவணங்களில் மணித் தையல் இடத்துக்கு நேராக மாடலின் கைகளைப் பதிந்தார்கள்.

இங்கேதான் மனிதவள அதிகாரிக்கு ஒரு சிக்கல் வந்தது. மணித் தையலுக்கு ஒரே ஒரு இடம். அந்த இடத்துக்குக் கை வந்துவிட்டது. இப்போது அண்ணியின் கை கணக்குக்கு மேல் உபரி. ஒரு இருக்கைக்கு நாலு கை இருக்க விதியில் இடமில்லை. அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நிறுவனத்தை அவர் எப்போதும் குடும்பம் என்றுதான் சொல்வார்.

“நாம எல்லாரும் ஒரே குடும்பம்க்கா. குடும்பத்துல ஒருத்தர் கொஞ்சம் விலகி உக்காந்தாதானே இன்னொருத்தருக்கு எடம் கிடைக்கும்? உங்க கை எங்களோடயேதான் இருக்கும். நீங்கதான் இருக்க மாட்டீங்க. விருந்து நாள் சாயங்காலத்துக்குள்ள மேசை டிராயரைக் காலி பண்ணிக் குடுத்திருங்க.”

முப்பது வருட வேலை இப்படி முடிந்தது. அண்ணி வேலைநீக்கக் கடிதத்தை நாலாக மடித்து ஊசிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த தோகையைத் தைத்து முடித்தாள். விட்டுத்தொலையுங்கள் அண்ணி, பாதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று கத்தரி கெஞ்சினாள். பாதியில் விட்ட வேலை ராத்திரி தூங்க விடாது என்று அண்ணி சொல்லிவிட்டாள். அவளுக்குத் தூக்கம் வந்ததோ என்னவோ, கத்தரிக்கு வரவில்லை. தூங்க விடாதது கோபம் என்று அவளுக்குப் புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

விருந்துக்கு முன்னால் மூன்று நாள் கைகளுக்குப் பயிற்சி இருந்தது. நாடகக் கலைஞர் ஒருவர் வந்து நன்றியுள்ள கை எப்படி இருக்கும் என்று காட்டினார். விருந்தினர் கையைப் பிடித்தால் மூன்று எண்ணும் வரை பிடித்திருக்கலாம். அழுத்தக் கூடாது. முதலில் விடுகிற கை நம்முடையதாக இருக்கக் கூடாது. யாராவது உணர்ச்சிவசப்பட்டால் வலது கை லேசாக நடுங்கலாம், இடது கை நடுங்கினால் நோய் என்று நினைத்துக்கொள்வார்கள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற பெரியவர், மூக்கு அரித்தால் என்ன செய்வது என்று கேட்டார். கைக்கு மூக்கு கிடையாது என்று பயிற்சியாளர் பதில் சொன்னார்.

விருந்து நாளில் பன்னிரண்டு பேரையும் சரக்கு லிப்டில் ஏற்றினார்கள். சுவருக்குப் பின்னால் உட்காருவதற்குப் பொத்தான் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கத்தரிக்குப் பக்கத்தில் கை மாடல் உட்கார்ந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். பதினொரு வருடமாகக் கையுறையில்லாமல் வெளியே வந்ததில்லை, ஒரு பாத்திரம் கழுவியதில்லை, ஒரு குழந்தையைத் தூக்கியதில்லை என்று அவளாகவே சொன்னாள். யாருடைய கையை வரைந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். கத்தரி சொன்னாள். கடிதத்தைப் பற்றியும் சொன்னாள். கை மாடல் தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மணி அடித்தது. இருபத்து நாலு கைகளும் வெளியே போயின.

அடுத்த ஒரு மணி நேரம் கத்தரிக்குக் குரல்களாகவும் தொடுகைகளாகவும் மட்டும் தெரிந்தது. ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அதே கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர் நன்றி என்று சொல்லிவிட்டுப் பழக் கொட்டையை உள்ளங்கையில் துப்பினார். ஒரு கலை விமர்சகர் அவளுடைய சுண்டு விரலிடம் உழைப்பின் எதிர்காலம் பற்றிக் கருத்துக் கேட்டு, பதில் வராததைக் கண்டு ‘என்ன அடக்கம்’ என்று குறித்துக்கொண்டார். காஜா பெரியவர் கையில் யாரோ கைப்பையை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் பயிற்சியில் சொன்னபடி அதை முதலில் விடவில்லை.

பிறகு மண்டபம் அமைதியாயிற்று. பெருமூச்சு பேச வந்தார். ஒலிவாங்கியைச் சுவரின் நடுவில், கத்தரிக்கும் கை மாடலுக்கும் இடையில் வைத்திருந்தார்கள். கைகள் இரண்டு பக்கமும் இருக்கப் படம் நன்றாக வரும் என்பதால் அவர் சுவரில் முதுகை ஒட்டி நின்றார். ஆறு மீட்டர் தோகையை உதவியாளர்கள் சுவரோரமாக நீளத்துக்கும் விரித்துவிட்டார்கள்.

“நண்பர்களே, இந்தக் கைகளோட முகத்த நான் ஒரு நாளும் பாத்ததில்ல. ஏன்னா பாத்துட்டா மறக்க முடியாது. மறக்க முடியலன்னா எப்படிப் படைக்கிறது? இருபத்தஞ்சு வருஷமா இவங்களுக்கு நான் செஞ்ச பெரிய மரியாதையே கீழ போகாம இருந்ததுதான். இந்தக் கோட்டையே எடுத்துக்கங்க. நாலு மாசம். எவ்வளவு வலி தெரியுமா எனக்கு? ஒவ்வொரு மணியையும் நான்தான் மூச்சு விட்டு விட்டு வெச்சேன்.”

கைதட்டல் எழுந்தது. கத்தரி தன் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

துணி வேலை செய்கிறவர்களுக்குச் சட்டை மடிப்பில் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். கோட்டுப் பொத்தானுக்குப் போடுகிற மெழுகு நூல், இரட்டை இழை. பல்லால் கடித்தாலும் அறாது. கத்தரி ஓட்டை வழியாக ஊசியை நுழைத்து, கோட்டின் இடுப்பைத் துணிச் சுவரோடு சேர்த்து முதல் தையலைப் போட்டாள். அவர் அசையவில்லை. பேசும்போது அவருக்கு முதுகு இருப்பதே மறந்துவிடும். இரண்டாவது தையலைக் கெட்டித் தையலாகப் போட்டாள். கத்தரியின் கை இல்லாத ஓட்டையை விமர்சகர் உற்றுப் பார்ப்பதை இடுக்கு வழியாகக் கவனித்த கை மாடல், தன் இரண்டு கைகளையும் மலர்த்தி, மூடி, காற்றில் அலைபோல ஆட்டத் தொடங்கினாள். மண்டபம் முழுக்கப் பார்வை அந்தக் கைகளுக்குத் திரும்பியது.

கத்தரி திரும்பிப் பார்த்தபோது வரிசையில் இருந்த எல்லோரும் ஊசியை எடுத்திருந்தார்கள். அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சுவரின் அடிவழியாகத் தோகையைப் பிடித்து இழுத்து, ஆளுக்கு அரை மீட்டர் வீதம் தைத்தார்கள். காஜா பெரியவர் மட்டும் ஒரு கையில் கைப்பை தொங்க மறு கையால் தைத்தார். பேச்சு நீண்டது. தையலும் நீண்டது. வருடக்கணக்காக அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், யாரும் அவசரப்படவில்லை.

மன்றத் தலைவி மேடையில் இருந்து விருதை அறிவித்தார். பெருமூச்சு கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு முன்னால் அடி எடுத்து வைத்தார். சுவர் கூடவே வந்தது. இரண்டாவது அடிக்குச் சட்டங்கள் கிறீச்சிட்டன. மூன்றாவது அடிக்கு சுவர்த் துணி முழுவதும் அவர் முதுகில் தொங்க, சட்டம் முழுதும் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. பொத்தான் பெட்டிகளில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரை, பகல் வெளிச்சத்தில் முந்நூறு பேர் பார்த்தார்கள். கைப்பைக்குச் சொந்தக்காரி ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள்.

பிறகு தலைவி நெஞ்சில் கைவைத்து, இது இந்த நூற்றாண்டின் மகத்தான தருணம் என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பெருமூச்சுக்கு ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லை. கண்ணைத் திறந்தார், காமிராக்களைப் பார்த்தார். இதுதான் தன் திட்டம் என்றும், கைகளுக்கு முகம் கொடுக்கவே சுவரைத் தன் உடம்போடு தைத்துக்கொண்டதாகவும் விளக்கினார்.

அப்போது கை மாடல் எழுந்து, மேசையிலிருந்த ஈரத் துண்டை எடுத்து விரல்களைத் துடைத்தாள். பழுப்புப் புள்ளிகள் துண்டுக்கு வந்துவிட்டன. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “இது என் எடம் இல்லீங்க. மணி தைச்சவங்க கீழ டிராயரக் காலி பண்ணிட்டிருக்காங்க. இன்னிக்கோட அவங்களுக்கு வேலை இல்லையாம்.”

மனிதவள அதிகாரி தன் தட்டில் இருந்ததை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். தலைவி பெருமூச்சைப் பார்த்தார். இல்லாமையும் படைப்பின் ஒரு பகுதிதான் என்று அவர் சொன்னார். அப்படியானால் அடுத்த பகுதி வருகைதானே என்று தலைவி சிலிர்த்துப்போய், அண்ணியை முன்படி வழியாக அழைத்துவர ஆள் அனுப்பினார்.

அந்த இடைவெளியில் பெருமூச்சு பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரியிடம் தையலைப் பிரிக்கச் சொன்னார். கோட்டைக் கழற்றிவிட்டு வெளியே வரலாமே என்று கத்தரி சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. காரணம் அவர்கள் இருவருக்கும் தெரியும். கோட்டுக்குள்ளே, மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் இறுக்கும் ஒரு கச்சை இருந்தது. எட்டுக் கொக்கி, பின்னால் கயிறு, தோளுக்குப் பஞ்சு. ஒரு அங்குலம் கூடிவிட்டது என்று மாடல்களை வரிசையிலிருந்து வெளியே அனுப்புகிறவர் அவர். மேலே சாத்திய கதவுக்குள் அவர் இடுப்பை அளந்து, அந்தக் கச்சையைத் தைத்துக் கொடுப்பவள் கத்தரி.

அண்ணி கையில் துணிப்பையோடு வந்தாள். முந்நூறு பேர் பிளந்து வழிவிட்டார்கள். அவள் நேராகக் கோட்டின் முதுகுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

“யாரு போட்டது இது? பல்லு பல்லா இருக்கு.”

“நாந்தான் அண்ணி. கண்ணால பாக்காம போட்டது.”

“கெட்டியா இருக்கு. போதும்.”

கத்தரி அண்ணியின் பையிலிருந்த ஊசிப் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பெருமூச்சிடம் காட்டினாள். அண்ணி இருக்கிறவரை அவளுடைய வேலையும் இடமும் அவளுக்கே என்று எழுதச் சொன்னாள். காமிராக்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் மலர்ந்த முகத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். கைதட்டல் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் கேட்டால் அவரால் நிறுத்த முடியாது. அண்ணியின் வெந்த கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

“பாருங்க. இந்தக் காயம் கூட என் படைப்புதான்.”

அண்ணி கையை உருவிக்கொண்டாள். கோட்டைத் தோளிலிருந்து தரை வரைக்கும் ஒரு முறை பார்த்தாள். நாலு மாதம் இருந்தது அதில்.

“வெட்டு,” என்றாள்.

“மணியெல்லாம் சிதறிடும் அண்ணி.”

“சிதறட்டும். வெட்டு.”

கத்தரி அண்ணியின் துணிப்பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். தையலைப் பிரிக்கச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். தையல் பக்கமே அவள் போகவில்லை. கழுத்துப்பட்டையில் வைத்து நேராக இடுப்பு வரை ஒரே ஓட்டமாக ஓட்டினாள். கோட்டு இரண்டாகப் பிரிந்து விழுந்தது. மணிகள் சலசலவென்று கண்ணாடிக் கூரை மண்டபம் முழுக்க உருண்டன. நடுவில் தோல் நிறக் கச்சையில், எட்டுக் கொக்கியும் தெரிய, பெருமூச்சு நின்றார். பயத்தில் அவர் உண்மையாகவே ஒரு பெருமூச்சு இழுத்தார். மூன்று கொக்கிகள் தெறித்தன. ஒன்று விமர்சகரின் கோப்பையில் விழுந்தது.

தலைவி கிட்டே வந்து கச்சையைச் சுற்றிப் பார்த்தார். மடிப்புகளையும், தையல் தெரியாமல் பஞ்சு உள்ளே இறங்கிய விதத்தையும் விரலால் தொட்டார். அவர் ஒரு காலத்தில் உண்மையிலேயே துணி தெரிந்தவராம். இதுவும் உங்கள் படைப்பா என்று கேட்டார். முந்நூறு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். கச்சை தன் படைப்பு என்றால் தொப்பையும் தன்னுடையது என்று ஆகும். அவர் விரலை நீட்டி, இவங்க தைச்சது என்று கத்தரியைக் காட்டினார். அந்தக் கட்டடத்தில் ஒரு உடுப்பைக் காட்டி அவர் வாயால் இன்னொருவரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம் வந்தது. விருதை யாருக்குக் கொடுப்பது என்று மன்றத்தில் ஏழு குழுக்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.

விடுமுறை முடிந்து முதல் நாள் அண்ணி தன் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். கையெழுத்தோடு இருந்த கடிதத்தின் படம் ஊர் முழுக்கப் பரவியிருந்ததால் மனிதவள அதிகாரி அவளுக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பதினொரு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பெருமூச்சு தனியாக இறங்கி வந்தார். அடுத்த மாதம் இன்னொரு விழா இருக்கிறது. கோட்டும் இல்லை, கச்சையும் இல்லை. வெளியே எந்தத் தையல்காரரிடமும் போக அவருக்குத் துணிச்சலில்லை.

கதவைச் சாத்தலாமா என்று மெதுவாகக் கேட்டார். புழுக்கமாக இருக்கிறது என்று கத்தரி சொல்லிவிட்டாள். முக்காலியில் ஏறி நிற்கச் சொன்னாள். இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னாள். அவர் தூக்கினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கத்தரி இஞ்ச் டேப்பை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டு, மூச்சை விடச் சொன்னாள். முழு மூச்சும் வெளியே வரும்வரை காத்திருந்தாள். பிறகு இருக்கிற அளவை இருக்கிறபடியே வாய்விட்டுச் சொன்னாள்.

அண்ணி அளவு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“காதுல சரியா விழல. இன்னொரு தடவ சொல்லு.”